கதிர் முற்றட்டும், மே மாதம் வேண்டாம்!

இ-பாஸ் அலைச்சல், ஜி.எஸ்.டி. சாலை நெரிசல், வற்றிய அருவி... தாம்பரம் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் மலைக்குப் போகும் மாதத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம் இது.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு வரும் எந்த வெள்ளிக்கிழமை இரவையும் எடுத்துக்கொள்ளலாம். பெருங்களத்தூரில் பிடித்த நெரிசல் வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி கூடுவாஞ்சேரி வரை விடாது. கிளாம்பாக்கம் முனையத்தின் வாசலில் பெட்டிகளும் தண்ணீர்க் கேன்களும் முட்டிக்கொள்ள, சேலம், கோவை, திண்டுக்கல் பேருந்துகளின் நடத்துநர்கள் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருப்பார்கள். வெளியே சாலையில், கேரியரில் தார்ப்பாய் கட்டிய கார்களுக்குள் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டிருப்பார்கள். முன் இருக்கையில் ஒருவர் செல்போனில் இ-பாஸைத் தேடிக்கொண்டிருப்பார். பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் நள்ளிரவு ஆகிவிடும். குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம், மாடம்பாக்கம் என்று தெருவுக்குத் தெரு கிளம்பிய இந்தக் குடும்பங்களில் பலவற்றுக்கும் ஆசை ஒன்றுதான். பிள்ளைகளுக்குக் கண் நிறையப் பச்சையைக் காட்ட வேண்டும். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயலைக் காட்ட வேண்டும். செல்போனில் பார்த்த படம் அப்படித்தான் இருந்தது. போய்ச் சேர்ந்தால் கண்ணில் படுவது காய்ந்த வரப்பும் பழைய தாளும் வெடித்த மண்ணும்.

படத்தில் பிழை இல்லை. அது வேறு மாதத்தில் எடுத்த படம். அடுக்கு வயலுக்கென்று ஒரு நாள்காட்டி உண்டு. நாற்று, நடவு, தூர், கதிர், அறுப்பு என்று அது நகரும். நாம் மலைக்குக் கிளம்பும் நாள்காட்டியோ பள்ளி விடுமுறையையும் சென்னை வெயிலையும் பார்த்து எழுதியது. இரண்டும் சேரும் நாட்களும் ஆண்டில் இருக்கின்றன. அந்த நாட்களில்தான் நாம் போவதில்லை. அடுக்கு வயல் உள்ள மலைகளுக்குப் போக விரும்புகிறவர்கள் மே மாதத்தைக் கைவிட்டு, மார்கழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சொந்த வசதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மலையில் வயல் மிஞ்சுமா என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

மே மாதம் எப்படி ‘சீசன்’ ஆனது?

மே மாதத்தை மலைக்குரிய மாதமாக்கியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண அரசாங்கம் கோடை வந்ததும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்கு ஏறியது. கடற்கரை வெயிலிலிருந்து தப்பிப்பதே அதன் நோக்கம். மலையில் என்ன விளைகிறது என்று பார்ப்பது அல்ல. மலர்க் கண்காட்சி, கோடை விழா எல்லாம் அந்தப் பழக்கத்தின் மேல் கட்டியவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்கு அது பொருந்தியது. ஆனால் அதே வழக்கத்தை எல்லா மலைக்கும் நீட்டிவிட்டோம். பலன் என்னவென்று நீதிமன்றமே கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. கோடையில் நீலகிரிக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் ஏறுவதாகத் தெரிவிக்கப்பட்டதைப் பார்த்துத்தான், 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டுவரச் சொன்னது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அங்கே இடம் கிடைக்காதவர்கள் எங்கே போவார்கள்? ஏற்காடு, ஏலகிரி, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் மேல் மே மாதக் கூட்டம் இப்படித்தான் வழிந்து இறங்குகிறது.

கொல்லிமலை சொல்லும் கணக்கு

தாம்பரத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டையில் திரும்பி, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், ராசிபுரம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்ததும் தெரிவது ஒற்றைச் சிகரம் அல்ல. 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் குன்றும் பள்ளமுமாக விரியும் ஒரு நாடு. வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு என்று ஊர்களின் பெயரே அப்படித்தான். மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை இது. குன்றின் மேட்டில் சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி. சரிவில் மிளகும் காபியும் வாழையும். இரண்டு குன்றுக்கு நடுவே ஊற்றுநீர் கூடும் பள்ளத்தில் நெல். அந்தப் பள்ளத்தைத்தான் தலைமுறை தலைமுறையாக வரப்பு போட்டு அடுக்கடுக்காக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த வயலைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அதன் காலக்கணக்கு புரியும். மேல் வயலின் வரப்பில் கையகலத்துக்கு ஒரு மடை வெட்டியிருக்கும். அங்கே நிறைந்த தண்ணீர் அதன் வழியாகக் கீழ் வயலில் விழும். அது நிறைந்தால் அதற்கும் கீழே. மோட்டார் கிடையாது, குழாய் கிடையாது. உச்சியில் ஊற்று பெருகினால்தான் கடைசி அடுக்கு நனையும். எனவே தென்மேற்குப் பருவமழை மலையை நனைத்த பிறகு, ஆடி, ஆவணியில் நடவு. புரட்டாசியில் தூர் கட்டிப் பச்சை அடரும். வடகிழக்குப் பருவமழை முழுக்க வயல் குடித்து, கார்த்திகையில் கதிர் வெளிவந்து பால் பிடித்து, மார்கழிப் பனியில் முற்றும். தை பிறக்கும்போது அறுப்பும் களத்துமேடும். மழையைப் பொறுத்து இரண்டொரு வாரம் முன்பின் ஆகலாம். குளிரில் நெல் மெதுவாகத்தான் விளையும். சமவெளிக் குறுவையின் அவசரம் இங்கே செல்லாது. மார்கழிக் காலையில் பனி இறங்கியிருக்கும்போது, மேல் அடுக்கில் கதிர் பழுத்துத் தலைசாய்ந்திருக்க, நிழல் விழும் கீழ் அடுக்கில் இன்னும் பச்சை மிச்சமிருக்கும். ஒரே சரிவில் மூன்று நான்கு நிறங்கள். இது சுமார் மூன்று வாரம்தான். அறுத்துவிட்டால் தாள்தான்.

மே மாதத்தில் இதே இடத்தில் ஊற்று சுருங்கிவிடுகிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கிப் போய்ப் பார்க்கும் ஆகாய கங்கையே கோடை மழை தவறிய ஆண்டில் மெலிந்துதான் விழுகிறது. வயல் தரிசாகக் கிடக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் மே மாதத்துக்கு நான் வழிவிட வேண்டும்: பலாப்பழம். கொல்லிமலைப் பலாவும் அன்னாசியும் கோடையில் வருபவை. பலாவுக்காகவே போகிறவர் மே, ஜூனில் போகட்டும். வயலுக்காகப் போகிறவருக்கு அது மாதமே அல்ல.

❚ பெட்டிச் செய்தி: அதே டிசம்பர், வேறு வயல்

அடுக்கு வயலுக்குப் பொதுவான ‘சீசன்’ உலகில் எங்கும் இல்லை. விமானச் சீட்டு போடும் முன் பார்க்க வேண்டியது அந்த மலையின் நடவு மாதம்.

வியட்நாமின் சா பா, மூ காங் சாய்: மே, ஜூனில் வயலில் நீர் பாய்ச்சுவார்கள், செப்டம்பரில் பொன்னிறம். டிசம்பரில் பனிமூட்டமும் வெறும் தாளும்.

சீனாவின் யுவான்யாங் (2013 முதல் யுனெஸ்கோ மரபிடம்): நவம்பர் முதல் ஏப்ரல் வரை நெல் இல்லை, ஆனால் நீர் நிரம்பிய அடுக்குகள் வானத்தைக் காட்டும். அதைப் பார்க்கவே கூட்டம்.

பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் (1995 முதல் யுனெஸ்கோ மரபிடம்): ஏப்ரல், மே பச்சை, ஜூன், ஜூலை அறுப்பு. தமிழ்நாட்டுக் கோடை விடுமுறைக்கு ஒத்துவருவது இதுதான்.

பாலி: சுபாக் என்னும் பாசன முறைப்படி ஊருக்கு ஊர் முறைவைத்து நடுவதால், ஏதோ ஒரு சரிவில் எப்போதும் பச்சை இருக்கும்.

நாகாலாந்தின் கோனோமா: ஹார்ன்பில் விழாவுக்காக டிசம்பரில் போகிறவர்கள் பெரும்பாலும் அறுப்பு முடிந்த வயலையே பார்க்கிறார்கள்.

‘லீவு கிடைக்க வேண்டாமா?’

முதல் ஆட்சேபம் இதுதான். மே மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை. மற்ற நாட்களில் பள்ளி விடாது, அலுவலகமும் விடாது. நியாயமான பேச்சு. ஆனால் கொல்லிமலைக்கு நாற்பது நாள் விடுமுறை தேவையில்லை. மூன்று நாள் போதும். அரையாண்டுத் தேர்வு விடுமுறை டிசம்பர் கடைசி வாரம் தொடங்கிப் புத்தாண்டு வரை நீள்கிறது. கதிர் முற்றும் வாரங்களின் நடுவில்தான் அது விழுகிறது. பச்சையைப் பார்க்க விரும்பினால் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜை நாட்களும் இருக்கின்றன. செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், வயல் முழுத் தூரில் நிற்கும். பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு டிசம்பர் கடைசியில் வேலை தளர்வது வழக்கமும்கூட. ஆக, தடையாக நிற்பது நாள் அல்ல, பழக்கம்தான்.

இரண்டாவது ஆட்சேபம் வெயில். அக்னி நட்சத்திரத்தில் தாம்பரத்துக் கான்கிரீட் வீட்டில் இருக்க முடியாது. குளிருக்காகத்தான் மலைக்குப் போகிறோம் என்பார்கள். அப்படியானால் கேள்வியே வேறு. குளிர் வேண்டுமென்றால் 2,000 மீட்டருக்கு மேல் போக வேண்டும். அங்கேதான் இ-பாஸும் வரம்பும் வந்தன. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மே மாத நண்பகல் வெயில் சுள்ளென்றே அடிக்கும். இரவில் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். இந்த நடுத்தர உயர மலைகளுக்குக் கோடையில் போகிறவர்கள் குளிரையும் முழுதாகப் பெறுவதில்லை, பச்சையையும் பெறுவதில்லை. அதே மலையில் மார்கழி இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

மழை பற்றிய அச்சம் வீணல்ல

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நேரத்தில் மலைக்குப் போகச் சொல்வது பொறுப்பா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் இறந்தார்கள். ஏற்காடு மலைப்பாதை பல இடங்களில் சரிந்தது. விக்கிரவாண்டி அருகே ரயில்வே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தென் மாவட்ட ரயில்கள் ரத்தாயின. தாம்பரத்திலிருந்து கிளம்பியவர்களுக்கு மலை மட்டுமல்ல, போகும் வழியே அடைபட்டது. கடல் கடந்து பார்த்தாலும் இதுதான் கதை: 2024 செப்டம்பரில், வடக்கு வியட்நாமின் அடுக்கு வயல்கள் பழுக்கும் அதே நாட்களில், யாகி புயல் லாங் நூ என்ற கிராமத்தை நிலச்சரிவில் புதைத்தது. நெல் விளைய வேண்டுமானால் மழை வேண்டும்; மழை வரும் மலையில் மண் சரியவும் செய்யும். இதை மறைத்துவிட்டு யாரும் மார்கழியைப் பரிந்துரைக்கக் கூடாது.

ஆனால் இந்த ஆட்சேபம் பருவமழைக் காலம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரைதான் புயலும் தாழ்வு மண்டலமும் நெருக்கமாக வரும் நாட்கள். அப்போது கதிரும் முற்றியிருக்காது. போகக் காரணமும் இல்லை. டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மழை பெரும்பாலும் விட்டு விட்டுத்தான் பெய்யும். அப்போதும் வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாகத் தரும் எச்சரிக்கையைக் கிளம்பும் முந்தைய நாள் பார்க்க வேண்டும். நாமக்கல், சேலம் மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் முன்பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015 வெள்ளத்தைப் பார்த்த மக்களுக்கு மழை எச்சரிக்கையை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கூட்டம் மாதம் மாறினால் கேடும் மாறாதா?

எல்லாரும் டிசம்பரில் போனால் மே மாத நாசம் டிசம்பருக்கு இடம் மாறும், அவ்வளவுதானே? அடுக்கு வயலை நேசிப்பவர்கள் எழுப்பும் கேள்வி இது. நீண்ட பதில் தேவைப்படுவதும் இதற்குத்தான்.

மே மாதத்தில் மலைக்குப் போகும் குடும்பம் அங்கே எதைச் செலவழிக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் தண்ணீர். மலை ஊர்களுக்கே குடிநீர் தட்டுப்படும் மாதத்தில், விடுதிக் குளியலறைக்கும் நீச்சல் குளத்துக்கும் அதே ஊற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் எடுக்கிறார்கள். வயலில் வேலை இல்லாத அந்த மாதங்களில் கூலி தேடிச் சமவெளிக்கும் தோட்டங்களுக்கும் போயிருக்கும் மலைவாசிகள் உண்டு. வரும் பணம் விடுதிக்காரருக்கும் வாடகைக் காருக்கும் போகிறது. நெல் விளைவித்தவர் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. சுற்றுலாவுக்கு வயல் தேவையில்லை என்ற பாடத்தை மே மாதம் மலைக்குச் சொல்லித்தருகிறது. காட்சி தெரியும் சரிவு மட்டும் போதும். அந்தச் சரிவு மனையாக விலைபோகிறது.

கொல்லிமலையின் மேட்டு நிலம் ஏற்கெனவே ஒரு சந்தையின் பின்னால் போய்விட்டது. சேலம், நாமக்கல் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சாமையும் தினையும் பின்வாங்கின. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களை மீட்க உழைத்து வருவது அதனால்தான். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கும்போது சரிவின் மண் கலைகிறது. கலைந்த மண் மழையில் இறங்குவது கீழே இருக்கும் நெல் அடுக்குகளுக்குத்தான். பள்ளத்து நெல்லும் கைவிடப்பட்டால் என்ன ஆகும்? ஆண்டுதோறும் வரப்பை வெட்டிச் செப்பனிடுகிற கை நின்றால், ஒரு மழையில் ஓர் அடுக்கு உடையும். அந்தத் தண்ணீர் மடை வழி போகாமல் கீழ் வரப்பின் மேல் பாயும், அதுவும் உடையும். பல தலைமுறை கட்டியது சில ஆண்டுகளில் ஓடையாகிவிடும்.

இது வெறும் அச்சமல்ல. இஃபுகாவ் அடுக்குகள் 1995இல் உலக மரபிடம் ஆயின. ஆறே ஆண்டுகளில், 2001இல், அழிவை எதிர்நோக்கும் மரபிடங்களின் பட்டியலில் யுனெஸ்கோ அவற்றைச் சேர்த்தது. இளைஞர்கள் வயலை விட்டு நகரத்துக்குப் போக, சுமார் கால்வாசி அடுக்குகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வந்தவர்களின் பணம் வரப்புக்குப் போகவில்லை. பழுது பார்த்து, பராமரிப்புக்கு வழி செய்து, பட்டியலிலிருந்து விடுபட 2012 ஆயிற்று. பயணிகளால் மட்டும் ஒரு வயலைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனினும் எப்போது வருகிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. கதிர் முற்றும் மாதத்தில் வரும் குடும்பத்துக்கு விவசாயியிடம் வாங்க ஏதாவது இருக்கும். சோளக்காடு சந்தையில் வாழை, மிளகு, காபிக்கொட்டை. கேட்டால் சாமையும் மலை நெல் அரிசியும். தங்குமிடத்தில் “இங்கே நெல் எந்தப் பக்கம் இருக்கிறது?” என்று நூறு பேர் கேட்டால், வயலைத் தூர்க்காமல் வைத்திருப்பதற்கு விடுதிக்காரருக்கே ஒரு காரணம் கிடைக்கும்.

கூட்டத்துக்கு வரம்பு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வந்த எண்ணிக்கை வரம்பைச் சிறு மலைகளுக்கும், எல்லா மாதத்துக்கும், சேதம் வரும் முன்பே நீட்டுவது அரசின் வேலை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: மே மாதச் சுமை மூன்று நான்கு விடுமுறைகளாகப் பிரிந்தாலே ஒவ்வொரு நாளின் பாரமும் குறையும். அந்தக் குறைவின் பலன் மலைக்கு மட்டும் இல்லை, பெருங்களத்தூருக்கும் உண்டு.

❚ பெட்டிச் செய்தி: கிளம்பும் முன்

கிளாம்பாக்கத்திலிருந்து சேலம் அல்லது நாமக்கல் வரை பேருந்தில் போய், அங்கிருந்து செம்மேட்டுக்கு அரசுப் பேருந்து பிடிக்கலாம். 70 வளைவுகளில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு இதுவே நல்லது. இருட்டிய பின் மலைப்பாதையில் ஏற வேண்டாம்.

வயலுக்குள் இறங்க வேண்டாம். வரப்பில் நடக்கவும் உரியவரிடம் கேட்டுவிட்டு நடங்கள். மடை வாயை மிதித்தால் அடைபடும்.

இரண்டு இரவாவது தங்குங்கள். பனி விலகும் காலையும் வெயில் சாயும் மாலையும்தான் அடுக்குகளைக் காட்டும். நண்பகலில் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும்.

நமக்கு இதில் என்ன பங்கு?

தாம்பரம் வட்டாரத்தாருக்கு இந்தப் பேச்சில் தனிப் பொறுப்பு உண்டு என்றே நினைக்கிறேன். செம்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகள் பாசனத்துக்காக வெட்டியவை. கலங்கலும் மதகும் அவற்றுக்கு இருந்தன. கீழே நன்செய் இருந்தது. அந்த நன்செய் மேல்தான் இன்று நம் அடுக்குமாடிகள் நிற்கின்றன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானபோது அதன் எல்லைக்குள் சொல்லும்படியாக நெல் மிச்சமில்லை. இங்கே வளரும் பிள்ளைக்கு மதகு திறப்பதையோ கதிர் அரிவாளையோ பார்க்க வாய்ப்பே இல்லை. தன் ஊர் வயலை இழந்த நகரம் இன்னொரு ஊர் வயலைப் பார்க்கப் போகிறது. அதைத் தரிசு மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு, குப்பையைப் போட்டுவிட்டுத் திரும்புவது அந்த இழப்பை மலைக்கும் கொண்டு செல்வதாகும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு மே மாதத்துக்கு மலை விடுதி முன்பதிவு செய்ய உட்காரும் முன், அதே விடுதிக்கு ஒரு போன் போட்டு, “உங்கள் பக்கம் நெல் அறுப்பு எப்போது?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தேதிக்குப் பத்து நாள் முன்னதாக அங்கே இருக்கும்படி பதிவு செய்யுங்கள். கோடையில் பிள்ளைகளுக்கு வண்டலூரும் மாமல்லபுரமும் போதும். மலைக்கு அரையாண்டு விடுமுறையில் அழைத்துப் போங்கள். திரும்பும்போது சந்தையில் இரண்டு கிலோ சாமையும் அரைக் கிலோ மிளகும் விவசாயியின் கையிலிருந்தே வாங்குங்கள். விலை பேசிக் குறைக்காதீர்கள்.